டப்பாவா, அலாரமா, ஒரு ஆளா: ஊரில் இருக்கும் பெற்றோர் மாத்திரையை விடாமல் சாப்பிட எது உதவும்?

பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் சனி, ஞாயிறில் ஊருக்கு வந்தால், அம்மாவின் சீட்டை எடுத்துக்கொண்டு தருமபுரியில் இருக்கும் என் மெடிக்கலுக்கு வருவார்கள். மாத்திரை வாங்கி முடித்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். "அண்ணா, போன மாசம் வாங்கிக் குடுத்த அட்டை பாதிக்கு மேல அப்படியே இருக்கு. கேட்டா சாப்பிட்டேங்கறாங்க. என்ன பண்றது?" ஏழு நாளுக்கும் தனித்தனி அறை இருக்கும் மாத்திரை டப்பா வாங்கித் தரலாமா, போனில் அலாரம் வைக்கலாமா, தினமும் ராத்திரி கூப்பிட்டுக் கேட்கலாமா, வீட்டுக்கே வரும் அரசு மருந்துக்கு மாறலாமா, பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கலாமா, பேசாமல் அம்மாவையே பெங்களூருக்குக் கூட்டிப் போய்விடலாமா என்று வரிசையாகக் கேட்பார்கள்.

கவுன்ட்டரில் நின்றபடி இதற்கு முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை. பின்னால் ஆட்கள் காத்திருப்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரையின் எண்ணிக்கையையும் வேளையையும் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்பது முதல் வேலை. அம்மாவுக்குப் பிடித்த ஒரு ஆளைத் துணைக்குத் தேடுவது இரண்டாவது. காசும் பஸ் தூரமும்தான் தடை என்றால், வீடு தேடி வரும் மருந்து இவை இரண்டையும் தாண்டி முதல் இடத்துக்கு வந்துவிடும். டப்பாவும் அலாரமும் இவற்றுக்கெல்லாம் பிறகு. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. டப்பா கடையில் உடனே கிடைக்கிறது, மற்றதற்கெல்லாம் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் அம்மா மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். பணக்கார நாடுகளிலேயே நீண்டகால நோய் உள்ளவர்களில் சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயும், 31 கோடிப் பேருக்கு மேல் ரத்த அழுத்தமும் இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு கணக்கிட்டது. மருந்தை விடுகிறவர்களை எல்லாம் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் பாதி நாட்டைச் சொல்ல வேண்டியிருக்கும்.

மறதி என்று சொன்னாலும் மறதியாக இருக்காது

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பது, மாத்திரை ஏன் விட்டுப்போகிறது என்பதைப் பொறுத்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் செய்வதெல்லாம் காசுக்குக் கேடு. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் எல்லோரும் "மறந்துட்டேன்" என்றுதான் சொல்வார்கள். சொல்வதற்கு எளிதான காரணம் அது. யாரும் திட்ட மாட்டார்கள்.

கொஞ்சம் உட்கார்ந்து பேசினால் வேறு கதை வரும். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா, பி.பி.க்குக் கொடுத்த நீர் மாத்திரையை வேலை நாளில் தொட மாட்டார். அந்த மாத்திரை போட்டால் ஒன்றுக்கு அடிக்கடி வரும், வேலை நடக்கும் ஏரிக்கரையில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. ராயக்கோட்டைப் பக்கம் விடிவதற்கு முன்பே பூப்பறிக்கப் போகிறவர், சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய், சாப்பாடு தாமதமாகித் தோட்டத்திலேயே கண் இருட்டி உட்கார்ந்திருப்பார். அன்றிலிருந்து அந்த மாத்திரையைக் கண்டாலே பயம். மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரை ஆரம்பித்த புதிதில் சிலருக்கு வயிற்றுப்போக்கு இருக்கும். கட்டட வேலைக்குப் போகிறவர் அதைத் தாங்கிக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவார்? உணவோடு எடுத்தால் குறையும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும். "மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துடுச்சு போல" என்று பயந்து நிறுத்திவிடுவார்கள்.

இவர்கள் ஒவ்வொருவரும் யோசித்து, காரணத்தோடுதான் நிறுத்தியிருக்கிறார்கள். இவர்களுக்கு அலாரம் அடித்து என்ன பயன்?

நம் மாவட்டத்துக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடுகிற பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது. வருஷக்கணக்கில் அந்தத் தண்ணீரைக் குடித்த பெரியவர்களுக்கு முதுகும் மூட்டும் வலிக்கும். அவர்கள் வலி மாத்திரையைக் கேட்டு வாங்கித் தினமும் போடுவார்கள். வலி மாத்திரைகளில் பல, ரத்த அழுத்தத்தை ஏற்றும், பி.பி. மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்துக்கும் கேடு செய்யும். அவர் பி.பி. மாத்திரையை ஒழுங்காகவே சாப்பிட்டிருப்பார். அளந்து பார்த்தால் குறைந்திருக்காது. "இதைச் சாப்பிட்டும் ஒண்ணும் ஆகல" என்று பி.பி. மாத்திரையை விட்டுவிடுவார், வலி மாத்திரையைத் தொடர்வார். சரியான மாத்திரை போய்த் தப்பான மாத்திரை நிற்கும். அம்மாவின் பையைப் பார்க்கும்போது சீட்டில் இல்லாத மாத்திரைகளையும் சேர்த்துப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மாத்திரையின் நிறம் மாறினாலும் விட்டுவிடுகிறார்கள். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் ரோஸ் என்றால் "இது வேற மாத்திரை" என்று தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். மாரடைப்பு வந்து மருந்து எடுக்கும் அமெரிக்க நோயாளிகளிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்விலும், நிறமோ வடிவமோ மாறியபோது மருந்தை நிறுத்துகிறவர்கள் கூடியிருந்தார்கள். மெடிக்கலில் கம்பெனி மாற்றிக் கொடுத்தால் "பேர்தான் வேற, மருந்து அதேதான்" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

காரணத்தைத் தெரிந்துகொள்ள "மாத்திரை சாப்பிட்டியா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும். "எல்லாருக்கும் நடுவுல விட்டுப்போகும்மா, உனக்கு இந்த வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். "எந்த மாத்திரை ஒத்துக்க மாட்டேங்குது?" என்று கேளுங்கள். அட்டைகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லா அட்டையிலும் சமமாக மிச்சம் இருந்தால் மறதியாக இருக்கலாம். ஒரு அட்டையில் மட்டும் மிச்சம் இருந்தால் அந்த மாத்திரையோடு அம்மாவுக்கு ஏதோ பிரச்சினை. ராத்திரி மாத்திரை மட்டும் மிச்சம் என்றால் வேளைதான் பிரச்சினை.

மாத்திரையைக் குறைப்பது

இந்த வழிக்குக் காசு செலவில்லை, தினமும் யாரும் வேலை செய்ய வேண்டியதில்லை, ஒருமுறை டாக்டரிடம் பேசினால் போதும். ஆனாலும் என்னிடம் வருகிறவர்களில் இதைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. டாக்டர் எழுதியதை மாற்றச் சொல்லக் கூடாது என்ற மரியாதை ஒரு காரணம்.

2013-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் சேர்ந்து நடந்தது. இதய நோய் இருப்பவர்கள், வரக்கூடியவர்கள் என்று 2,004 பேர். பாதிப் பேருக்கு ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, இரண்டு பி.பி. மருந்துகள் எல்லாம் ஒரே மாத்திரையில். மீதிப் பேருக்கு வழக்கம்போலத் தனித்தனியாக. ஒன்றேகால் வருஷம் போல் கழித்துப் பார்த்தபோது ஒரே மாத்திரைக்காரர்களில் 86 சதவீதம் பேர் மருந்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள், மற்றவர்களில் 65 சதவீதம். இவ்வளவு பெரிய வித்தியாசம் இந்த விஷயத்தில் வேறு எந்த வழியிலும் எளிதில் கிடைப்பதில்லை.

நம் வீட்டுக்கு இதன் அர்த்தம் என்ன? பி.பி.க்கான அம்லோடிபினும் டெல்மிசார்டானும் தனித்தனியாக இருந்தால், இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை கிடைக்கிறது. சுகருக்கான மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்ததும் அப்படியே. ஒரு நாளைக்கு இரண்டு வேளை மெட்பார்மின், ஒரு வேளை போதும் என்ற வகைக்கு மாறலாம். எப்போதோ நெஞ்செரிச்சலுக்கு எழுதிய கேஸ் மாத்திரையும் சத்து மாத்திரையும் வருஷக்கணக்கில் சீட்டில் தொடர்ந்துகொண்டிருக்கும், அவை இன்னும் வேண்டுமா என்று கேட்டாலே ஒன்றிரண்டு குறையும். டாக்டரிடம் "மாத்திரையைக் குறைங்க" என்று சொல்ல வேண்டாம். "அம்மா ஒரு நாளைக்கு ரெண்டு வேளைதான் ஒழுங்கா சாப்பிடுவாங்க, அதுக்குள்ள அடக்க முடியுங்களா சார்?" என்று கேளுங்கள். நான் பார்த்தவரை எந்த டாக்டரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

வேளையையும் கேட்கலாம். பி.பி. மாத்திரையைக் காலையில் எடுப்பதா ராத்திரியில் எடுப்பதா என்று பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்து நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. விடியற்காலையில் வேலைக்கு ஓடுகிற அம்மாவுக்கு ராத்திரிச் சாப்பாட்டோடு பி.பி. மாத்திரை என்று மாற்ற டாக்டர் சம்மதித்தால் பாதிப் பிரச்சினை தீரும். நீர் மாத்திரையை மட்டும் ராத்திரிக்குத் தள்ளினால் தூக்கம் கெடும், இருட்டில் எழுந்து நடந்து விழுகிற ஆபத்தும் உண்டு. நூறு நாள் வேலை முடிந்து வந்து மத்தியானத்துக்கு மேல் போடலாமா என்று கேளுங்கள்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். சேர்ந்த மாத்திரையில் ஒரு மருந்தை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பல நேரம் விலை கூடுதல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனித்தனியாகத்தான் கிடைக்கும் என்றால், இலவசமா, ஒரே மாத்திரையா என்று வீட்டில் தீர்மானிக்க வேண்டியிருக்கும். மாதச் செலவு உறுத்துகிற வீட்டில் நான் இலவசத்தையே சொல்வேன், காசு தீர்ந்த மாதம் எந்த மாத்திரையும் இல்லாமல் போவதைவிட அது மேல்.

வீடு தேடி வரும் மருந்து

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி நம் பக்கத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் பெற்றது. மகளிர் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் பி.பி. பார்க்கும் மெஷினும் சர்க்கரை பார்க்கும் மெஷினும் எடுத்துக்கொண்டு தெருவுக்கே வருகிறார், மாத்திரையைக் கையில் கொடுக்கிறார். அஞ்செட்டியிலிருந்தோ பென்னாகரம் மலைப்பக்கத்திலிருந்தோ மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுப் பஸ் ஏறியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்தப் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் மருந்து கைக்கு வந்துவிட்டாலே வாய்க்குப் போய்விடாது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களுக்கு மருந்தை முழுசாக இலவசமாக்கி 2011-ல் ஒரு ஆய்வு வெளியானது. மருந்து எடுப்பது கூடியது, ஆனால் 4 முதல் 6 சதவீதப் புள்ளி அளவுக்குத்தான். காசும் தூரமும் தடையாக இருந்த வீட்டில் இந்தத் திட்டம் எல்லாவற்றையும் மாற்றும். பயமும் பக்கவிளைவும் தடையாக இருந்த வீட்டில் மாத்திரை டிரங்குப் பெட்டியில் சேரும்.

ஒரு ஆபத்தை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பல வீடுகளில் தன்னார்வலர் கொடுத்த அட்டையும் இருக்கும், தனியார் டாக்டர் எழுதி மெடிக்கலில் வாங்கிய அட்டையும் இருக்கும். இரண்டிலும் பெயர் வேறு, உள்ளே மருந்து ஒன்று. அரசு அட்டையில் அம்லோடிபின் என்றே இருக்கும், கடை அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும் மருந்தின் பெயர் கீழே பொடி எழுத்திலும் இருக்கும். இரண்டையும் போட்டு பி.பி. இறங்கித் தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு. சர்க்கரை மாத்திரையில் இப்படி நடந்தால் இன்னும் மோசம். வீடு தேடி வரும் மருந்துக்கு மாறினால் முழுசாக மாறுங்கள். மாறும் அன்று எல்லா அட்டைகளையும் பையில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தெரிந்த மருந்தாளுநரிடமோ கொண்டுபோய், எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று பிரித்து வாங்குங்கள்.

தன்னார்வலர் வரும் நேரத்தில் அம்மா வேலையில் இருப்பார் என்றால், எந்த வீட்டில் கொடுத்து வைப்பது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். தனியார் டாக்டரையே தொடர விரும்புகிறவர்கள் விலைக்காக மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தையோ, தமிழக அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்தையோ பார்க்கலாம். என் கடை வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை, மாதம் பூராவும் சாப்பிடுகிற அளவுக்கு வாங்குவதுதான் முக்கியம். நாலு மாத்திரையாக வெட்டி வாங்குகிறவர்கள்தான் நடுவில் விடுகிறார்கள். வெட்டிய துண்டில் பெயரும் காலாவதித் தேதியும் இருக்காது என்பது வேறு.

ஒரு ஆள்

வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை கிராமங்களில் 2,645 பேரை இரண்டு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2020-ல் வெளியானது. அரசின் கிராம சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் பி.பி. பார்த்தார்கள், உப்பு, மாத்திரை பற்றிப் பேசினார்கள், தேவைப்பட்டவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை நடந்த கிராமங்களைவிட மேல் அழுத்தம் 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. கேட்க சின்ன எண்தான், ஆனால் பக்கவாதம் எத்தனை பேருக்கு வரும் என்பதை மாற்றக்கூடிய எண். அந்த ஊர்களும் நம் ஊர்களும் வேறு வேறு அல்ல.

நம் மாவட்டத்திலேயே, அரூர்ப் பக்கம் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் இருக்கும் சிட்லிங்கியில், டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993 முதல் அந்த மலைக் கிராமப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்து வளர்த்தார்கள். ஒரே ஊர்க்காரி, ஒரே பேச்சு, ஒரே சாப்பாடு என்பதால் அவர் சொல்வது காதில் ஏறுகிறது. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிற பெரியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டாக்டர் தமிழில் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்திருப்பார்கள்.

உங்கள் வீட்டுக்கு யார் அந்த ஆள்? பலரும் உடனே மருமகளைக் காட்டுவார்கள். நான் அதை எதிர்க்கிறேன். ஏற்கெனவே சமையலும் மாடும் பிள்ளைகளும் பார்க்கிறவள் தலையில் காவல் வேலையையும் வைத்தால், "மாத்திரை சாப்பிட்டீங்களா அத்தை?" என்ற கேள்வி நாலாம் நாளே சண்டையாகும். மாமியார் சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பார். அம்மா பயப்படாத, அம்மா பொய் சொல்லத் தேவையில்லாத ஆள் வேண்டும். அதே மாத்திரை சாப்பிடுகிற பக்கத்து வீட்டு அக்கா என்றால் ரொம்ப நல்லது. இரண்டு பேரும் சாயந்திரம் திண்ணையில் உட்காரும்போது சேர்ந்து போட்டுக்கொள்வார்கள், யாரும் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் தழை போடுகிற நேரம் தவறாது, அந்த நேரத்தோடு மாத்திரையைக் கோர்த்துவிட்ட அய்யா ஒருவரை எனக்குத் தெரியும். புழு இல்லாத நாட்களில் மட்டும் பேரன் ஞாபகப்படுத்துகிறான்.

ஆள் வழியின் குறை, ஆள் ஊருக்குப் போய்விடுவார், உடம்புக்கு முடியாமல் போவார், மனஸ்தாபம் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நீங்கள் நேரில் பார்த்துப் பேச வேண்டும். துணைக்கு இருக்கிறவரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், எந்த மாத்திரை எதற்கு, தலைசுற்றினால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

போனும் டப்பாவும்

போனில் குறுஞ்செய்தி அனுப்புவது பற்றி 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 2,742 பேர். பாதிப் பேர் மருந்து எடுக்கிற இடத்தில் மூன்றில் இரண்டு பேர் எடுக்கும் அளவுக்கு ஏறும் என்று கணக்கு வந்தது. ஆனால் பல ஆய்வுகள் குறுகிய காலம்தான் நடந்தன, "சாப்பிட்டேன்" என்று அவரவர் சொன்னதை வைத்துத்தான் பல கணக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு, மலையில் சிக்னல் வந்து வந்து போகிற போனுக்கு, குறுஞ்செய்தி என்ன செய்யும்? ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரருக்கு அலாரம் நல்ல வழி. அவருடைய பிரச்சினை உண்மையிலேயே மறதியும் நேரக் குழப்பமும்தான்.

அம்மாவைத் தினமும் கூப்பிடுங்கள், ஆனால் மாத்திரைக்காகக் கூப்பிடாதீர்கள். மாடு கறந்ததா, தக்காளி என்ன விலை போச்சு என்று பேசுங்கள். பேச்சு முழுக்க விசாரணையாக இருந்தால் போனை எடுக்கிறதே குறையும்.

டப்பாவுக்கு வருகிறேன். அமெரிக்காவில் 53,480 பேருக்குச் சாதாரண டப்பா, மூடியில் நேரம் காட்டும் கருவி, நாள்வாரியாகத் தள்ளும் பட்டை என்று மூன்று வகையில் ஏதாவது ஒன்றைத் தபாலில் அனுப்பி, எதுவும் அனுப்பாதவர்களோடு ஒப்பிட்டார்கள். 2017-ல் முடிவு வெளியானது: எந்தக் கருவியும் மருந்து எடுப்பதைக் கூட்டவில்லை. டப்பா மட்டும் தனியாக வேலை செய்யாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. ஆறேழு மாத்திரை எடுக்கிறவர், போட்டோமா இல்லையா என்று குழம்பி இரண்டாம் முறை போட்டுவிடுகிறவர், இவர்களுக்கு மட்டும் டப்பா வாங்கித் தருவேன். அதிலும் வாரம் தவறாமல் நிரப்ப ஒரு ஆள் வேண்டும். அட்டையிலிருந்து பிரித்த மாத்திரை ஈரத்தில் கெடும். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டையின் பின்பக்கம் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கிறேன். பாதிப் பேருக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

அம்மாவை நகரத்துக்குக் கூட்டிப் போவது பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. நோய் முற்றி ஆள் துணை வேண்டும் என்றால் வேறு வழியில்லை. மாத்திரைக்காக மட்டும் என்றால் வேண்டாம். நடக்க இடமில்லாத வீட்டில், பேச ஆளில்லாமல், சர்க்கரை கூடத்தான் செய்யும்.

சாப்பாடு பற்றி

மருத்துவர் சொல்வதில் மாத்திரை பாதிதான், சாப்பாடு மீதி. அதில் மேலே சொன்ன எந்தக் கருவியும் உதவாது. "அரிசியை விடுங்க, ஓட்ஸ் சாப்பிடுங்க" என்றால் பாலக்கோட்டில் ரேஷன் அரிசி வாங்குகிற வீட்டில் நடக்காது. "களி சாப்பிட்டா சுகர் ஏறாது" என்பதும் சரியில்லை. கேழ்வரகில் நார்ச்சத்து உண்டு, சுண்ணாம்புச் சத்து உண்டு, ஆனால் மாவுச்சத்தும் நிறைய. இரண்டு பெரிய உருண்டை சாப்பிட்டால் ஏறத்தான் செய்யும். உருண்டையைச் சின்னதாக்கி, கீரைக் கடைசலையும் பயறையும் கூட்டுவது நடக்கக்கூடிய மாற்றம். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிக்காரர்களிடம் மாம்பழமே கூடாது என்று சொல்லி யாரும் ஜெயித்ததில்லை. இரண்டு துண்டு, சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக, என்று பேசி முடித்தால் மற்றதைக் கேட்பார்கள்.

தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், தொடங்குவதற்கு முன் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: "இத்தனை நாளா பாதி மாத்திரைதான் சாப்பிட்டிருக்காங்க." இது மிக முக்கியம். அம்மா விட்டுவிட்டுச் சாப்பிட்டது தெரியாமல், சர்க்கரை குறையவில்லையே என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டியிருப்பார். சீட்டில் இருக்கும் அளவு, முழுசாகச் சாப்பிடாத ஆளுக்கு எழுதியது. இப்போது திடீரென்று எல்லா மாத்திரையும் வேளை தவறாமல் உள்ளே போனால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும், பி.பி.யும் இறங்கும். நல்லது செய்யப் போய் நடக்கிற விபத்து இது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

விட்டுப்போன வேளைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரண்டு போடக் கூடாது. முதல் இரண்டு வாரம் யாராவது கூடவே கவனியுங்கள். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், சம்பந்தமில்லாமல் கோபம் வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் கொடுங்கள், தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு மாதம் கழித்து பி.பி.யும், மூன்று மாதம் கழித்து மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் பாருங்கள். அப்போதும் எண் மாறவில்லை என்றால் அம்மாவைத் திட்டுவதற்கு முன் அட்டைகளை மறுபடி எடுத்து வைத்து, எது மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.